கார்பன் தாளும் கழிவுப் பஞ்சும்

அஞ்சல் வழியில் பி.காம். படித்த மூன்று ஆண்டுகளின் டைரிகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. பாடக்கட்டு வந்த நாள், விடைத்தாள் அனுப்பிய நாள், ஒப்புகை அட்டை திரும்பிய நாள் எல்லாம் அவற்றில் உண்டு.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் எனக்கு வேலை. அதே ஆலையில், நூலைக் கோன்களில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் வேலை செய்த ஓர் அக்காவும் அதே படிப்புக்குப் பதிந்திருந்தார். காஸ்ட் அக்கவுண்டிங் தவிர எல்லாத் தாளிலும் தேறிவிட்டார். அதில் மட்டும் இரண்டு முறை தோல்வி. ஆலையில் ஸ்டோர் கிளார்க் இடம் காலியாக இருந்தது. இந்தத் தடவை பட்டத்தை முடித்தால் அவருக்கு, இல்லாவிட்டால் வெளியாளுக்கு என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

ஆண்டுக்கு ஆறு நாள் நேர்முக வகுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில், கோடை விடுமுறையில் நடக்கும். எனக்கு லீவு கிடைத்தது, அக்காவுக்குக் கிடைக்கவில்லை. அதனால் நான் கார்பன் வைத்துக் குறிப்பெழுதுவது, மாலையில் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் அவருடைய பிரதியைக் கொடுப்பது என்று ஏற்பாடு. அவர் செட்டியார்பட்டி பஸ்ஸுக்கு அங்கேதான் நிற்பார்.

நான்காம் நாள் கொடுத்த தாள்களைப் பிரித்துப் பார்த்தார். எல்லாம் வெள்ளையாக இருந்தன.

"என்ன தம்பி, இன்னைக்கு வாத்தியார் வாயே தொறக்கலையா?"

கார்பனைத் திருப்பி வைத்துவிட்டேன். எழுத்தெல்லாம் என் தாளின் பின்புறமே பதிந்து, முன்னும் பின்னும் ஒரே மையாகக் கிடந்தது. இதைக் கொண்டுபோங்கள் என்று என் தாளை நீட்டினேன்.

"இத எவன் படிப்பான்? வாயால சொல்லு. பஸ்ஸு வர செத்த நேரம் இருக்கு."

படித்துக் காட்டினேன். "நூறு கிலோ போட்டா பத்து கிலோ கழிவாப் போகுதுக்கா. அது இயல்பான நட்டம். மொத்தச் செலவையும் மிச்சத் தொண்ணூறு கிலோ மேல ஏத்தணும்."

"அந்தப் பத்து கிலோவ என்ன செஞ்சான்?"

"அதான் நட்டம்னு சொல்றேன்ல."

"என்னத்த நட்டம்? நம்ம மில்லுல கழிவுப் பஞ்ச லாரி லாரியா ஏத்துறாகளே, சும்மாவா குடுக்காக? வித்தத கழிச்சிட்டுல்ல ஏத்தணும்?"

தாளைப் பார்த்தேன். கணக்கின் இரண்டாம் வரியிலேயே கழிவு விற்கப்பட்டதாக இருந்தது, என் கையெழுத்தில். விடையில் அதைக் காணோம். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையை ஓர் எழுத்து விடாமல் இறக்கிய எனக்கு அது தட்டுப்படவே இல்லை.

"எம்புட்டு அழகா எழுதிருக்க! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" பஸ் வந்துவிட்டது. படியில் ஏறி நின்றுகொண்டு, "நாளைக்குக் கேட்டுட்டு வா. இதுலயும் கோட்டை விட்டா அப்புறம் கோன்தான் எனக்கு" என்றார்.

நான் வகுப்பில் எழுந்து பேசியவன் இல்லை. மறுநாள் இடைவேளையில் வெளியே போய்ப் பால்கோவாப் பொட்டலத்துடன் திரும்பிய பேராசிரியர் அதை மேசையில் வைத்தபோது, எழுந்து கேட்டுவிட்டேன். அவர் தம் குறிப்பைப் புரட்டினார்.

"விட்டுட்டேன். ஏன்யா, இத்தனை பேர் இருக்கீங்க, நேத்து ஒருத்தரும் கேக்கலையே?"

"கேட்டவங்க வகுப்புக்கு வரலை சார்."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, கணக்கை முதலிலிருந்து போட்டார். அன்று ஒவ்வொரு பக்கத்துக்கும் கார்பனைத் தூக்கிப் பார்த்துத்தான் எழுதினேன்.

தேர்வில் கழிவு விற்பனையோடு ஒரு கணக்கு வந்தது. முடிவு வந்த அன்று டைரியில் ஒரே வரிதான் எழுதியிருக்கிறேன்: அக்கா அறுபத்தொன்று, நான் ஐம்பத்து நான்கு.

ஸ்டோரில் அவருக்கு மேசை போட்டார்கள். கழிவுப் பஞ்சு லாரிக்கு கேட் பாஸ் எழுதுவதும் அவருடைய பொறுப்பு, மூன்று பிரதி எடுக்க வேண்டும். முதல் நாளே ஆள் அனுப்பி என்னை வரவழைத்தார். போய் நின்றேன்.

"தம்பி, கார்பன் எந்தப் பக்கம்?"