பெண் பார்க்கப் போன இடத்தில் ஆர்.சி. புக்

வாழைக்காய் பஜ்ஜி வாசமும், வாசலில் பூட்ஸ் சத்தமும்... அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போன நாளை நினைத்தால் இந்த இரண்டும்தான் முதலில் வருகிறது.

பெண்ணுக்கு ஊர் பரமத்தி வேலூர், வேலை போலீஸ் கான்ஸ்டபிள். போட்டோவைப் பார்த்ததிலிருந்தே, கட்டினால் இந்தப் பெண்தான் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றான்.

அப்பாவுக்குத்தான் மனசே இல்லை. நாமக்கல் லாரி டிரைவர், காலமெல்லாம் செக்போஸ்ட்டில் கைகட்டி நின்றவர்.

"ஏஞ்சாமி, ஊருல வேற பொண்ணே இல்லியா? காக்கியக் கண்டாலே எந்திரிச்சு நின்னு பழகிப்போச்சு எனக்கு. அத ஊட்டுக்குள்ளயே கூட்டியாரோணுமா?"

வேனில் வழி முழுக்க இதே புலம்பல். பஜ்ஜியைத் தின்றுவிட்டு நாசூக்காக மறுத்துவிடுவது என்ற முடிவோடுதான் வந்தார். அண்ணன் முகம் தொங்கிப் போயிருந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

போனால் பெண்ணைக் காணோம்! கோயில் திருவிழா பந்தோபஸ்தாம், டியூட்டி முடியவில்லையாம்.

இரண்டாவது தட்டு பஜ்ஜி காலியாகும்போது பூட்ஸ் சத்தம்... புடவை மாற்ற நேரமில்லாமல், தொப்பியும் யூனிஃபார்முமாக அப்படியே உள்ளே வந்துவிட்டார் அண்ணி.

அப்பா சடாரென்று எழுந்தார். லைசென்ஸ், ஆர்.சி. புக், இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கும் பிளாஸ்டிக் கவர் எப்போதும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். அதை எடுத்து, இரண்டு கையாலும் அண்ணியிடம் நீட்டிவிட்டார்!

அதைவிடக் கூத்து... அண்ணியும் பழக்க தோஷத்தில் வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டார்.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. முகமெல்லாம் சிவந்து போய்,

"எல்லாஞ் செரியா இருக்குதுங்க மாமா, நீங்க போலாமுங்க... அய்யோ, இல்லீங்க... உக்காருங்க மாமா!"

கூடம் முழுக்க ஒரே சிரிப்பு. அம்மா கையிலிருந்த காபி சேலையிலேயே கொட்டியது. அப்பா மட்டும் சிரிக்காமல் மெதுவாக உட்கார்ந்தார்.

"காக்கி போட்டவங்க என்னைய உக்காரச் சொன்னது இதாம்மா மொதத் தடவ" என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "பூ வெச்சுப்போட்டே போயிரலாம்."

அண்ணன் அப்போது சிரித்த சிரிப்பை இனி யார் முகத்திலும் பார்க்க முடியாது.

இப்போது அண்ணி ஏட்டு. அப்பா வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார், பார்வையும் கொஞ்சம் மங்கிவிட்டது. நானோ, வீட்டுக்கொடியிலேயே காக்கி காய்ந்தாலும், பைபாஸில் போலீஸைக் கண்டால் போட்டிருக்கும் சீட் பெல்ட்டையே இன்னொரு முறை இழுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா அப்படியில்லை. வெயிலில் நிற்கும் எந்தப் போலீஸைப் பார்த்தாலும் மோர் பாக்கெட்டை நீட்டுகிறார். போன வாரம் ஒரு சின்ன வயசு போலீஸ்காரர் சந்தேகமாகப் பார்த்து, "உங்க மேல என்ன கேசுங்கய்யா?" என்று கேட்டாராம்.

"கேசெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. எங்கூட்டுப் புள்ளயும் இப்புடித்தான் எங்கியோ நின்னுட்டிருக்கும்... நீ குடி."