ஃப்ரிட்ஜில் ஒரு டாஃபடில்

போன வாரம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வெங்காயம் பிடிபட்டது.

இதெல்லாம் ஒரு செய்தியா என்கிறீர்களா? நாங்கள் இருப்பது சின்ன காஞ்சிபுரம். தளிகை ஆனதும் முதலில் பெருமாளுக்கு, பிறகுதான் எங்களுக்கு. வெங்காயம் எங்கள் வாசப்படியைத் தாண்டியதே இல்லை.

காய்கறி ட்ரேயைத் திறந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். செய்தித்தாளில் சுற்றி, நாலைந்து உருண்டைகள். அவள் பார்வை நேராக மருமகள் நித்யாவிடம் போனது. புதுசாக வந்த பெண். சென்னையில் ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிட்டவள் வேறு... சந்தேகத்துக்கு இது போதாதா?

"அம்மா, அது வெங்காயம் இல்லை. பூக்கிழங்கு."

"நான் சாப்பிட்டதில்லையே தவிர, வெங்காயத்தைப் பார்த்திருக்கேம்மா."

நித்யா சொன்னது நிஜம். லண்டனிலிருந்து வந்த அவள் அக்கா கொடுத்த டாஃபடில் கிழங்குகள் அவை. பிரவுசிங் சென்டரில் படித்துவிட்டு வந்து என்னிடம் ஒப்பித்திருந்தாள். ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துப் பூ. சுற்றி ஆறு மஞ்சள் இதழ், நடுவில் குழல். குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் தூங்கினால்தான் வசந்தத்தில் பூக்கும். மார்கழியிலும் ஃபேன் போடுகிற ஊரில் குளிருக்கு எங்கே போவது? அதனால்தான் ஃப்ரிட்ஜ்.

வாயைத் திறந்தேன். "நீங்க சும்மா இருங்கோ. அவளுக்கு வக்காலத்து வாங்க வேண்டாம்" என்றாள் மனைவி. நித்யா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

சாயங்காலம் பார்த்தால் ட்ரே காலி... பளிச்சென்று கழுவியும் வைத்திருந்தது.

"செல்விகிட்ட கொடுத்துட்டேன். வீணாப் போவானேன்?"

செல்வி எங்கள் வீட்டில் வேலை செய்பவள். நித்யாவின் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, அந்தக் கிழங்கு விஷம். சாப்பிடக் கூடாது."

ஸ்கூட்டியில் அவள், பின்னால் நான். பிள்ளையார்பாளையம் போய்ச் சேர்வதற்குள் எனக்கு உயிரே இல்லை. செல்வியின் கணவர் தறியில் இருந்தார். உள்ளே அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

"செல்வி, அதை எண்ணெயில போடாதே."

"இன்னாமா ஆச்சு? இப்பதான் அரிஞ்சிக்கினு இருக்கேன். அதான் பாத்தேன்... கண்ணுல தண்ணியே வரலியே."

தண்ணீர் நித்யாவுக்கு வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அரியாமல் மிஞ்சிய ஒரே கிழங்கோடு திரும்பினோம். விஷயத்தைக் கேட்ட மனைவி, "நீ சொன்னதைக் கேட்டிருக்கணும்மா" என்று நித்யாவிடம் சொல்லி, கிழங்கைத் தானே வாங்கி ட்ரேயில் வைத்தாள்.

நேற்று வந்த என் அத்தை ஃப்ரிட்ஜைத் திறந்தாள். புருவம் உயர்ந்தது.

மனைவி நிம்மதியாகச் சொன்னாள்: "பயப்படாதீங்கோ, வெங்காயம் இல்லை. விஷம்தான்."