ஏரிக்குத் திரும்பாத எலும்புகள்

பனிவண்டிக்குப் பெல்ட் மாற்றியதுதான் மகள் அன்ஷெனிக், அப்பா தானியென் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை. ஏப்ரல் நடுவில், வாசல் பனியில் மண்டியிட்டுச் செய்தார்கள்.

“மின்நிலையத்துல சம்பளம் வாங்குற கையாம்மா இது? திருப்பி மாட்டுறே பாரு.”

“சரியாத்தாம்ப்பா இருக்கு. நீங்க மொதல்ல கண்ணாடியப் போடுங்க.”

அவர் சிரிக்கவில்லை. ஒரு வாரமாகவே அவளிடம் சிரிப்பதில்லை.

தப்பு அவளுடையது. அப்பா ஏரியில் வேட்டையாடிக் கொண்டுவந்த பீவர் என்ற நீர்விலங்கின் கறியைச் சாப்பிட்ட அன்று மின்நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. அவசரத்தில் எலும்புகளைக் குப்பைப் பையில் போட்டுவிட்டு ஓடினாள். காலையில் நாய்கள் பையைக் கிழித்திருந்தன. பீவரின் எலும்பு அது வாழ்ந்த தண்ணீருக்கே திரும்ப வேண்டும். நாய் கடித்தால் அந்த வேட்டைக்காரனுக்கு இனிப் பீவர் கிடைக்காது. கனடாவின் வடக்கே வாழும் இன்னு பழங்குடி வீட்டில் பிறந்த எவருக்கும் இது தெரியும். அவளுக்கும்தான்.

இரும்புச் சுரங்கத்தில் பன்னிரண்டு வருடம் தண்டவாளம் போட்டு முட்டியைக் கெடுத்துக்கொண்டவர், அறுபத்தெட்டு வயதில் வீடு வீடாக நாய்களைத் துரத்தி எலும்பு பொறுக்கினார்.

“பெரியப்பா, நாய்க்கு விருந்து வச்சிட்டுத் திருப்பிக் கேக்கறீங்களே!” என்றான் பக்கத்து வீட்டு மத்தியே.

“அது வயித்துல இருக்கறதையும் கேப்பேன். பேசாம போடா.”

அவளை மட்டும் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பெல்ட் மாட்டிய மறுநாள் பொறுக்கிய எலும்புகளோடு ஏரிக்குக் கிளம்புவதாக இருந்தார். மறுநாள் புயல்காற்று. அதற்கடுத்த நாள் முட்டி வீங்கிவிட்டது. ஞாயிறு காலை காப்பி போட எழுந்தவர் அடுப்படியிலேயே விழுந்தார். இதயம் நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்து, துக்கத்துக்கு வந்தவர்களும் போய், அவளுக்கு விடுப்பு கிடைத்தபோது மே பிறந்துவிட்டது. எலும்புகளை ஏரிக்குக் கொண்டுபோகப் பனிவண்டியை எடுக்கலாமா என்று தம்பி பியெனுக்குப் போன் செய்து கேட்டாள்.

“வண்டியா? ஐஸ் இளகிருச்சுக்கா. வண்டியோட உள்ள போயிருவே.”

“அப்ப படகு?”

“ஐஸ் ஒடையணுமே. ஜூன் ஆகும்.”

“வண்டியும் ஆகாது, படகும் ஆகாது. நான் என்னடா பண்ண?”

“காத்திரு. ஏரி என்ன ஒன்னோட டிரான்ஸ்பார்மரா, ஸ்பேனரத் தூக்கிட்டுப் போய்ச் சரிபண்ண?”

போனை மேசையில் வீசினாள்.

எலும்புகள் ஃப்ரீசரில், ரொட்டிக்கு அடியில், துணிப்பையில் இருக்கின்றன. பையின் மேல் ஒட்டிய டேப்பில் ஏரியின் பெயரை அப்பாவே எழுதியிருக்கிறார். ஏரி வடக்கே நாற்பது கிலோமீட்டர்.