பிரிக்காத குடில்

எங்கள் வீட்டு முன்புறம், சுற்றுச்சுவருக்கும் வாசற்படிக்கும் நடுவில் இருக்கிற கையகல இடத்தில், கிறிஸ்துமஸுக்குக் கட்டிய குடில் பல வருடம் பிரிக்கப்படாமலே நின்றது. மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் எல்லா வீட்டிலும் குடிலைப் பிரித்துவிடுவார்கள். மாதா, சூசையப்பர், பாலன் சுரூபங்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பார்கள். வைக்கோல் யார் வீட்டு மாட்டுக்காவது போகும். எங்கள் வீட்டில் மட்டும் சாம்பல் புதன் வந்தும் நின்றது, பெரிய வெள்ளி வந்தும் நின்றது. திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் சந்துக்கு வழி கேட்டால் ஆட்டோக்காரர்களே "குடில் வீட்டுச் சந்து" என்று சொல்லுமளவுக்கு ஆகிவிட்டது. பக்தியில் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தவர்கள் உண்டு. பூனைக்காக விட்டுவைத்தது.

அந்தப் பூனையை நான் கேட்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். மில் பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போகும். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியபடி, வயசுக்கு மீறி நரைத்தவர் போல நடந்து வருவார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் பகல் ஷிப்ட் முடிந்து வந்தவர் சாப்பாட்டுக் கூடையைத் தரையில் வைத்தார். கூடை தானாக நகர்ந்தது.

"என்னங்க இது?"

"பஸ்ஸு சக்கரத்துக்கிட்ட கெடந்துச்சு. டிரைவர் பாக்கல, நான் பாத்துட்டேன்."

"பாத்தா? அங்கனயே ஓரமா விட்டுட்டு வர வேண்டியதுதான?"

"செத்த நேரம் இருக்கட்டும் புள்ள. பாலைக் குடிச்சுட்டுப் போயிரும்."

செத்த நேரத்துக்கு என்று வந்தது பத்து வருடத்துக்கு மேல் இருந்தது. சாம்பல் நிறம், முதுகில் வரி. அவர் அதை "அப்பு" என்றுதான் கூப்பிடுவார். பக்கத்து வீட்டு மதினி எட்டிப் பார்த்துவிட்டு, "பொட்டப் பூனையப் போயி அப்புங்கிறாரே, ஒங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியலயா?" என்று சிரித்தார். மதினி எங்களுக்குச் சொந்தமில்லை. எரியோட்டுக்காரர்கள், விவசாயக் குடும்பம், அம்மன் கும்பிடுகிறவர்கள். சுவரின் அந்தப் பக்கம் இருந்ததால் மதினி ஆனார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. நேர்ந்துகொண்டு நடந்த கோயில்களும் ஒப்புக்கொடுத்த ஜெபமாலைகளும் உண்டு. அதை இங்கே விரிக்க வேண்டாம்.

வீட்டுக்காரருக்கு இளைப்பு உண்டு. மில்லுப் பஞ்சு நெஞ்சில் இறங்கி வந்த வியாதி. பூனை வந்த சில வாரத்திலேயே அது கூடிவிட்டது. படுத்தால் நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற மாதிரி சத்தம் வரும். எழுந்து உட்கார்ந்து முழங்காலில் கையூன்றி மூச்சை இழுப்பார். நான் பூனையைத் தூக்கி வெளியே விட்டேன். அவர் மறுநாள் உள்ளே விட்டார். நான் திரும்பவும் வெளியே விட்டேன். இப்படியே எங்கள் வீட்டுக் கதவு ஒரு வருடம் திறந்து மூடியது.

"வெளிய நாய் கெடக்கு புள்ள. கூதல் வேற அடிக்கி."

"உள்ள ஒங்க நெஞ்சு கெடக்கு. அத யாரு பாக்குறது?"

மதினிக்கு இதில் சந்தேகமே கிடையாது. "பூனைன்னா வெளிய திரியத்தான் செய்யும். வீட்டுக்குள்ள பொத்திப் பொத்தி வைக்க அது என்ன பச்சப்புள்ளையா?" என்பார். சொல்லிவிட்டு, சட்டென்று முறத்தைத் தட்டிக்கொண்டே உள்ளே போய்விடுவார்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்காரர் குடிலைப் பெரிதாகக் கட்டினார். மூங்கில் கம்பு, வைக்கோல் கூரை, சாக்குத் தாளைக் கசக்கிச் சாயம் பூசிய மலை. தட்டில் கேழ்வரகு முளைக்கப்போட்டுப் புல். கூரை மேல் பனி விழுந்த மாதிரி இருக்க வேண்டும் என்று மில்லிலிருந்து கழிவுப் பஞ்சு கொண்டுவந்து பரப்பினார். திண்டுக்கல்லில் யார் பனி கொட்டிப் பார்த்தார்கள்? ஆனாலும் எல்லாக் குடிலிலும் பஞ்சு இருக்கும்.

பூனை அப்போது சினை. திருநாளுக்குச் சில நாள் முன்னால் காலையில் கோலம் போட வந்தேன். கூரைப் பஞ்சு முழுக்க உள்ளே இழுக்கப்பட்டு, மாட்டுச் சுரூபம் கவிழ்ந்து கிடக்க, பாலனைக் கிடத்துகிற இடத்தில் அது நான்கு குட்டி போட்டுப் படுத்திருந்தது. என்னைப் பார்த்து ஒரு தடவை கத்தியது. அவ்வளவுதான், குட்டிகளை நக்கப் போய்விட்டது.

எனக்குப் பெரிய விளக்கம் எதுவும் தோன்றவில்லை. எடுத்து எங்கே வைப்பது என்றுதான் யோசித்தேன். கை ஓயவில்லை, அதற்குள் இன்னொரு வேலை.

அன்று மத்தியானம் கோயில் கழுவி அலங்கரிக்கப் பெண்கள் எல்லோரும் போயிருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. மார்கழியில் இம்புட்டு மழையா என்று நின்று பார்த்துவிட்டு, நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். குடிலில் பூனை இல்லை. கதவு திறந்திருந்தது. வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில், கைலி மடிப்புக்குள், நான்கு குட்டியும். தாய்ப் பூனை கால்மாட்டில். மனுஷனுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார், சொல் வரவில்லை. கையை மட்டும் குட்டிகள் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டார், நான் தூக்கி எறிந்துவிடுவேன் என்பது போல.

மாதாவே என்று கத்தியது ஞாபகம் இருக்கிறது. மதினியின் மகன் ஓடிப்போய் ஆட்டோ பிடித்துவந்தான். ஆஸ்பத்திரியில் மூக்கில் மூடி வைத்து, மருந்துப் புகை ஏற்றி, ஊசி போட்டபிறகுதான் முகத்தில் ரத்தம் திரும்பியது. டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"என்ன வேலை?"

"நூல் மில்லுங்க."

"வீட்ல பூனை கீனை இருக்கா?"

"இருக்குங்க."

"மில்லை விடச் சொன்னா விட மாட்டீங்க. பூனையையாவது விடுங்கம்மா."

ஆட்டோவில் திரும்பி வந்தோம். சந்து முனையில் அவர், "சாக்குல கட்டிக் கொண்டுபோயி எங்கயும் விட்றாத புள்ள" என்றார். நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விடவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. பேசவே மூச்சில்லாதவர் கையைக் கவிழ்த்து மூடினாரே, அந்தக் கை. அதற்கு மேல் எனக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. பூனை உள்ளே வரக்கூடாது, சாகவும் கூடாது. அப்படியானால் வெளியே ஒழுங்காக இருக்கட்டும்.

சுரூபங்களைக் குடிலிலிருந்து எடுத்து வீட்டுக்குள் பீடத்தில் வைத்தேன். திருநாள் பூசை முடிந்து வந்து பாலனையும் அங்கேதான் கிடத்தினேன். முறுக்குக் கொடுக்கப் போனபோது மதினி கேட்டார்.

"ஏ தாயி, சாமிய வீட்டுக்குள்ள வச்சிட்டுப் பூனையக் குடில்ல வச்சிருக்கீக. மாத்தி வச்சிட்டீகளா?"

"சாமிக்கு முடி உதிராதே மதினி" என்றேன்.

அதற்குப் பிறகு குடில் பிரிக்கப்படவில்லை. முதலில் கீழே செங்கல் கொடுத்துத் தூக்கினோம். உள்ளே விரித்த பழைய சேலை நனைந்தால் ஐஸ் மாதிரி ஆகிவிடும் என்று தெரிந்ததும் துணியை எடுத்துவிட்டு வைக்கோலையே போட்டோம். எறும்பு ஏறாமலிருக்க நான்கு முனையிலும் செங்கலுக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். வீட்டுக்காரர் முன்பக்கத்தைப் பலகையால் அடைத்துப் பூனை மட்டும் நுழைகிற அளவுக்கு வழி விட்டார். ஒரு காலை நான் தெருக்குழாயில் நிற்கும்போது நாய் அந்த வழியிலேயே மூஞ்சியை விட்டு ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். முக்குவரை ஓடியும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. மறுநாள் பின்பக்கம் இன்னொரு வழி வெட்டினார். தப்பி ஓட வழி இருந்தால்தான் தாய் நிம்மதியாகப் படுக்கும் என்றார். கூரைக்கு மதினி வீட்டில் மிச்சமிருந்த ஆஸ்பெஸ்டாஸ் துண்டைச் சாய்த்து வைத்தோம். வெளியே நட்சத்திரம் மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. கழற்ற மறந்து, பிறகு கழற்றவில்லை.

தவக்காலத்தில் வீட்டில் மீன் கிடையாது. பூனைக்கு அது தெரியுமா? தயிர்ச் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு மதினி வீட்டுச் சுவரில் போய் உட்காரும். அவர்கள் வீட்டு வெஞ்சனத்தில் கருவாடு இருந்தால் அன்றைக்கு அது எங்களை மதிக்காது.

தெருச் செபக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் வாசலில் நின்று குடிலைப் பார்ப்பார்கள். "ஏக்கா, ஈஸ்டரே வரப்போகுது, ஒங்க வீட்ல இன்னும் பாலன் பொறக்கலையா?" என்று ஒரு பெண் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் பாய் விரிக்கப் போனேன். பழகிப்போன விஷயம்தான்.

வீடு மந்திரிக்க ஃபாதர் வந்தார். அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துவிட்டு, போகிறபோது குடில் மேலும் தெளித்தார். பூனை பின்வழியாகப் பாய்ந்து சுவரேறி ஓடியது. அவர் திடுக்கிட்டு, பிறகு சிரித்து, "ஞானஸ்நானம் குடுக்க வரலைன்னு சொல்லுங்கம்மா" என்றார். வீட்டுக்காரருக்கு அன்றைக்குச் சிரித்துச் சிரித்து இளைப்பே வந்துவிட்டது.

மிஞ்சிய குட்டிகளில் இரண்டை மதினியின் அண்ணன் எரியோட்டுக்குக் கொண்டுபோனார். கடலை மூட்டைக்கு எலித் தொல்லை என்றார். ஒன்று தானாகக் கிளம்பிப்போனது. தாய் மட்டும் இருந்தது. வருடத்துக்கு ஒரு தடவை, சில வருடம் இரண்டு தடவை, குட்டி போட்டது. பூனைக்கு ஆபரேஷன் பண்ணலாம் என்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு ஈற்றுக்கும் வைக்கோல் மாற்ற வேண்டும், அதற்கு அடியில் விரித்த சாக்கை அலச வேண்டும். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த அன்றைக்கு வீட்டில் இருக்கிற பாத்திரமெல்லாம் பிடித்துவைத்து, அதில் பூனைச் சாக்கை அலசுகிறபோது எனக்கு அழுகை வரும். யார்மேலும் கோபமில்லை. இடுப்பு வலிதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மில்லில் ஆள் குறைத்தார்கள். இவரையும் அனுப்பிவிட்டார்கள். பஞ்சு இல்லாவிட்டால் நெஞ்சு தேறும் என்று நம்பினேன். கொஞ்சம் தேறியது, முழுக்கத் தேறவில்லை. பகலெல்லாம் வீட்டில் இருக்க ஆரம்பித்ததும் கதவுச் சண்டை திரும்ப வரும் என்று பயந்தேன். வரவில்லை. ஒரு நாள் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய்க் குடில் பக்கத்தில் போட்டார். மேலே தார்ப்பாய் கட்டினார்.

"என்னங்க இது கூத்து?"

"அது உள்ள வரக்கூடாதுன்னுதான சொன்ன? நான் வெளிய வரக்கூடாதுன்னு சொல்லலையே."

காற்றோட்டத்தில் அவருக்கு அவ்வளவாக இளைக்கவில்லை என்பதும் உண்மை. பூனை கட்டிலுக்குக் கீழே, அவர் கட்டிலுக்கு மேலே. நான் உள்ளுக்கும் வெளிக்குமாகக் காபியும் கஞ்சியும் மருந்தும் தூக்கினேன். சாயங்காலம் ஜெபமாலையை வாசற்படியில் உட்கார்ந்து சொன்னேன், அவருக்குக் கேட்க வேண்டுமே. அவர் பாதியில் தூங்கிவிடுவார். பதில் ஜெபத்தையும் நானே சொல்லி முடிப்பேன்.

பூனைக்கு இடம் உள்ளேயா வெளியேயா என்று யாராவது கேட்டால் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. வெளியே இருந்த குட்டியை நாய் கொண்டுபோனது. உள்ளே வந்த நாளில் மனுஷன் உதடு நீலமானது. ஆண்டவர் எல்லாவற்றுக்கும் ஓரிடம் வைத்திருப்பார் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் அந்த இடத்தைத் தினமும் ஒருத்தி பெருக்க வேண்டியிருந்தது.

ஓர் ஐப்பசி மழையில் அவருக்கு மூச்சு மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இந்தத் தடவை புகை ஏற்றியும் முகத்துக்கு ரத்தம் திரும்பவில்லை. கடைசியாக என்னிடம் கேட்டது, "வைக்கோல் மாத்துனியா?" என்பதுதான். மாத்திட்டேன் என்றேன். மாற்றியிருந்தேன்.

அடக்கம் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் போனபிறகு, ஒரு மத்தியானம் வீட்டில் தனியாக இருந்தேன். கதவை மூடி வைக்க இனி ஒரு காரணமும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. இளைக்க ஆளில்லை. வாசற்கதவை அகலத் திறந்தேன். பூனைக்கும் வயசாகியிருந்தது, ஒரு கண்ணில் புரை. தூறல் போட்டது. "அப்பு, வா. உள்ள வா" என்று கூப்பிட்டேன். அந்தப் பெயரை நான் அதற்கு முன் சொன்னதே இல்லை.

படியேறி வந்தது. நிலைக்கு அந்தப் பக்கம் நின்று வீட்டுக்குள் செத்த நேரம் பார்த்தது. மீன் துண்டு ஒன்றைத் தட்டில் வைத்து நகர்த்தினேன். கழுத்தை மட்டும் நீட்டிக் கவ்விக்கொண்டு, திரும்பி, கட்டிலுக்குக் கீழே போய் உட்கார்ந்து தின்றது. இத்தனை வருடம் நான் விரட்டி விரட்டிப் பழக்கியது அது. அவர் அங்கே இருப்பார் என்று நினைத்ததோ என்னவோ, அது எனக்குத் தெரியாது.

கதவைச் சாத்தவில்லை. தூறல் வலுத்தது. தார்ப்பாய் ஒரு முனையில் அவிழ்ந்து தொங்கியது. எழுந்து போய் அதை இழுத்துக் கட்டிவிட்டு, குடிலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். வைக்கோல் ஈரமாக இருந்தது. மதினி வீட்டில் கேட்டு ஒரு கட்டு வாங்கிவரப் போனேன்.