பெயர் எழுதாத வெள்ளை வண்டி

எங்களைப் பணக்காரர்கள் ஆக்கியது கக்கூஸ். கழிப்பறை என்று கௌரவமாக எழுதலாம்தான், ஆனால் அந்தக் கௌரவத்தோடு எனக்குப் பழைய பகை உண்டு. செங்கல்பட்டில் எங்கள் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர் முன்பெல்லாம் என்னை வாசல் பெஞ்சில் காக்க வைப்பார். இப்போது நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று மின்விசிறியை என் பக்கம் திருப்புகிறார். கோடி என்ற சொல்லை அவர் என்னிடம் முதல்முறை சொன்ன அன்று ஆட்டோ பிடிக்காமல் வீடு வரை நடந்தே வந்தேன், தனியாகச் சிரித்துக்கொண்டு. பார்த்தவர்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அதற்கு முன் எங்களுக்கு இருந்தது மார்க்கெட் பக்கத்தில் ஒரு ஷாமியானா கடை. மாமனார் ஆரம்பித்தது. பந்தல் துணி, நாற்காலி, பிரியாணி ஆக்குகிற பெரிய தேக்சா என்று கல்யாணத்துக்கு வேண்டியதை வாடகைக்கு விடுவோம். நான் மருமகளாக வந்தபோது நன்றாகத்தான் ஓடியது. பிறகு தெருவுக்குத் தெரு ஏசி மண்டபம் வந்தது. நாற்காலி முதல் கரண்டி வரை மண்டபத்துக்காரர்களே வைத்துக்கொண்டார்கள். எங்கள் தேக்சாக்களுக்குள் பல்லி முட்டையிட்டது. என் கணவர் காலையில் கடையைத் திறப்பார், சாம்பிராணி போடுவார், பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார், மூடிவிட்டு வருவார். கவலையை வாய் திறந்து சொல்கிற மனுஷர் இல்லை. எனக்குக் கோபம் வந்தால் கடைத்தெருவுக்கே கேட்கும்.

அந்தச் சமயத்தில்தான் மாமல்லபுரம் பக்கம் கடற்கரையில் கல்யாணம் செய்கிற மோகம் கிளம்பியது. மணலில் மேடை, மேடைக்கு ரோஜா, ரோஜாவுக்கு மேலே பறக்கும் கேமரா. ஒரு கல்யாணத்துக்கு எங்களிடம் நாற்காலி கேட்டார்கள். நாற்காலிக்கு உறை மாட்டி, பின்னால் ரிப்பன் கட்டுவது என் வேலை. நானும் லோடு வண்டியில் போனேன்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மணப்பெண் என்னைக் கூப்பிட்டாள். அழுதுவிடுவாள் போல இருந்தாள். பயமோ, பிடிக்காத மாப்பிள்ளையோ என்று நினைத்தேன். காதருகே வந்து சொன்னாள்: அவசரமாகப் போக வேண்டும். ரிசார்ட் அறைகள் மணலைத் தாண்டி வெகுதூரம் இருந்தன. அந்தப் பட்டுப்புடவையோடு அவள் நடந்து போய்த் திரும்பினால் முகூர்த்தமே முடிந்துவிடும். அவள் அம்மாவோ, ‘கொஞ்சம் அடக்கிக்கோ’ என்கிறாள். இந்தப் பயத்தில் விடிந்ததிலிருந்து பெண் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

எனக்கு என் நிக்காஹ் நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நானும் தண்ணீர் குடிக்கவில்லை. என் அக்கா குடிக்கவில்லை, நாத்தனார் குடிக்கவில்லை. கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற எந்தப் பெண்ணும் வயிறு நிறையத் தண்ணீர் குடிப்பதில்லை. எத்தனையோ கல்யாணங்களுக்குச் சாமான் இறக்கிய எங்கள் கடைக்கு இது மட்டும் தோன்றவே இல்லை.

நாற்காலி ஏற்றி வந்த லோடு வண்டியில், டிரைவருக்குப் பக்கத்தில் அவளையும் ஏற்றிக்கொண்டு ரிசார்ட்டுக்குப் பறந்தேன். திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அக்கா, நீங்க நாற்காலிக்கு பதிலா ஒரு கக்கூஸ் எடுத்துகினு வந்திருந்தா, அந்த மேடைக்குக் குடுத்த காசை உங்க கைல குடுத்திருப்பேன்.”

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். நான் இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் கணவரிடம் சொன்னேன்: தேக்சாவையெல்லாம் விற்போம், சக்கரம் வைத்த கக்கூஸ் வண்டி ஒன்று செய்வோம். அவர் டீயை அப்படியே கீழே வைத்தார். சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள், மகளை யார் கட்டுவார்கள் என்றெல்லாம் கேட்டார். நான் கத்தினேன். கடைசியில், சரி, ஆனால் ஒரு கண்டிஷன் என்றார்.

“கடை பேரு அந்த வண்டி மேல வரக்கூடாது. எங்க அத்தா வச்ச பேரு.”

அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பல்லிதான் குடித்தனம் நடத்துகிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அடுத்த தெருவில் என் சிநேகிதி ஒருத்தி இருந்தாள். மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து, அலுத்துப்போய் நின்றவள். அவளை வேலைக்குக் கூப்பிட்டேன். அவள் முகம் மாறிவிட்டது.

“எங்க பெரியவங்கள ஊர்ல அந்த வேலைக்குத்தான் கூப்டுவாங்க. அதுலருந்து தப்பிச்சுதான் நான் கம்பெனி பஸ் ஏறினேன். ஒருத்தர் கையும் படக்கூடாது, எல்லாத்தையும் மிஷின் இழுக்கணும். சம்பளத்துக்கு வரமாட்டேன். பங்குன்னா வரேன்.”

எனக்குச் சுருக்கென்றது. பாதிப் பங்கு உனக்கு என்றேன். கம்பெனியில் அவளுக்கு வந்த பி.எஃப். பணமும் என் தேக்சாக்களும் சேர்ந்து முதல் வண்டி ஆயின. பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறையில் அவளே நின்று, பம்ப் எங்கே, டேங்க் எங்கே என்று வரைந்து காட்டிச் செய்ய வைத்தாள். நான் கண்ணாடி வாங்கினேன், சுற்றிலும் பல்பு வைத்த பெரிய கண்ணாடி. புடவைக் கொசுவத்தைச் சரிசெய்ய இடம் விட்டேன். குழந்தைக்குத் துணி மாற்ற ஒரு பலகை போட்டேன். வெளியே வெள்ளைவெளேரென்று பெயின்ட், ஓர் எழுத்துகூட இல்லாமல்.

முதல் கல்யாணத்தில் மேடையைவிட எங்கள் வண்டி முன்னால்தான் கூட்டம். உள்ளே போன பெண்கள் வெளியே வர மனமில்லாமல் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிநேகிதியும் வண்டிக்குப் பின்னால் போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம்.

பிறகு நாங்கள் பிடித்து நிறுத்தினாலும் நிற்கவில்லை. கல்யாணம், சினிமா ஷூட்டிங், கட்சி மாநாடு, குளிர்காலத்தில் வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வருகிற பணக்காரக் கூட்டம், எல்லாருக்கும் அவசரம் வரத்தானே செய்கிறது. வந்த லாபத்தில் அடுத்த வண்டி, அதன் லாபத்தில் அதற்கடுத்தது. நிலம் வாங்கு, தங்கம் வாங்கு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நாங்கள் வண்டிதான் வாங்கினோம். அந்தக் கடற்கரையில் வேறு யாரிடமும் இப்படி வண்டி இல்லாததால் ரிசார்ட்டுகள் வருஷக் கணக்கில் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தன. நிலம், தங்கம் எல்லாம் பின்னால் தானாக வந்தன.

என் கணவரையும் சொல்ல வேண்டும். பம்ப் மக்கர் செய்தால் முதலில் ஓடுகிறவர் அவர்தான். பைப்பின் சத்தத்தை வைத்தே எங்கே அடைப்பு என்று சொல்வார். ஆனால் பள்ளிவாசலில் யாராவது என்ன தொழில் என்று கேட்டால், ‘ஷாமியானா’ என்பார். வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொள்வேன். பணம் இனிக்கிறது, பெயர் கசக்கிறதா? அவர் மோட்டார் கழற்றப் போய்விடுவார். இத்தனை வசதி வந்த பிறகும் எனக்குத் தீராத குறை அது ஒன்றுதான்.

போன வருஷம் மகளைப் பெண் பார்க்க மதுராந்தகத்திலிருந்து வந்தார்கள். நல்ல குடும்பம், மகளுக்கும் பையனைப் பிடித்திருந்தது. முதல்நாள் ராத்திரி கணவர் கெஞ்சினார்: நிக்காஹ் முடிகிற வரை ஷாமியானா என்றே இருக்கட்டும். ரத்தம் கொதித்தது. மகளுக்காகத் தலையாட்டினேன். அவள் வாழ்க்கையை வைத்து நான் வீம்பு பிடிக்க முடியுமா?

பிரியாணி பரிமாறும்போது பையனின் அம்மா கல்யாணங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தங்கை மகள் கல்யாணத்தை மகாபலிபுரத்தில் வைத்தார்களாம்.

“நான் சர்க்கரைக்காரி. எங்க போனாலும் மொதல்ல அதைத்தான் தேடுவேன். இதுக்காகவே பாதி கல்யாணத்துக்குப் போறதில்ல. அங்க ஒரு வெள்ளை வண்டி நின்னுகினு இருந்துச்சு. நம்ம வூட்லகூட அவ்ளோ சுத்தம் கிடையாது. யாரு வண்டின்னு ஒரு பேருகூட போடல. அந்த வண்டிக்காரங்க நல்லா இருக்கணும்னு அன்னிக்கு துவா செஞ்சேன்.”

நான் கணவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது, தயிர்ப் பச்சடிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அது நம்ம வண்டிதான்,” என்றார் அவர். “என் வூட்டம்மா ஆரம்பிச்சது. ஷாமியானா எப்பவோ போச்சு. இந்த வூடு, இந்தச் சோறு, எல்லாம் அதுல வந்ததுதான். பேரு போடாதது எனக்கு வெட்கமா இருந்ததால.”

பையனின் அம்மா எழுந்து வந்து, எச்சில் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, மறுகையால் என் கன்னத்தைத் தடவினார். அதோடு பேச்சு வேறு பக்கம் திரும்பியிருக்கும். என் கணவர் விடவில்லை. டேங்க் எவ்வளவு பிடிக்கும், பம்ப் எப்படி இழுக்கும், எந்த இடத்தில் அடைத்துக்கொள்ளும், அதை எப்படி எடுப்பது என்று கையை வீசி வீசிச் சொல்ல ஆரம்பித்தார். எல்லார் முன்னாலும் பிரியாணித் தட்டு. அப்பாவை நிறுத்தும்படி மகள் சமையலறை வாசலிலிருந்து எனக்குப் பதறிப் பதறி ஜாடை காட்டினாள். நான் அவர் தட்டில் இன்னொரு கறித்துண்டை வைத்துவிட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.