கதிர் அண்ணன் படத்தை யார் திறப்பது?

அண்ணன் போனதிலிருந்து இந்தப் பக்கத்தில் நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் திட்டத்தான் வருகிறது. சரி, இந்த வாரம் திட்டியே எழுதிவிடுகிறேன்.

போன வாரம் கதிர் அண்ணனுக்குக் காரியம். பாகூர் பக்கம் எங்கள் காலனியில் அன்றைக்குப் படத்திறப்பு வைப்போம். படத்தைத் துணியால் மூடி வைத்திருப்போம். யாராவது பெரிய மனிதர் வந்து இறந்தவரைப் பற்றிப் பேசிவிட்டுத் துணியை விலக்குவார்.

அண்ணன் பாக்ஸர். திருவாண்டார்கோயிலில் கம்பெனி ஷிஃப்ட் முடித்து பைக்கில் வரும்போது லாரி அடித்துவிட்டது. ரிங்கில் வாங்காத அடியை ரோட்டில் வாங்கினான்.

"மாஸ்டரத்தான் கூப்டணும்" என்றான் சதீஷ். அண்ணனோடு பயிற்சி செய்தவன்.

மாஸ்டர் வில்லியனூர்க்காரர், பழைய சாம்பியன். அவருடைய இடது கையைப் பற்றி டீக்கடைகளில் இன்றும் பேசுவார்கள். அண்ணனுக்கு அவர்தான் சாமி.

பசங்கள் பேனர் கட்டினார்கள். கண்ணீர் அஞ்சலி பேனர்தான். ஆனால் கிளவுஸ் போட்டு ஆளுயரத்துக்கு நிற்பது மாஸ்டர். அண்ணன் முகம் மேலே மூலையில், ஸ்டாம்ப் சைஸில்...

"இன்னாடா இது? செத்தது யாரு?" என்றேன்.

"மாஸ்டர் வராருல்ல... மரியாதைக்கு" என்றான் சதீஷ்.

மாஸ்டர் வந்தார். மைக்கைப் பிடித்தார்.

"பாக்ஸிங்ல கறுப்பு சாம்பியனுங்கள பாருங்க. அதெல்லாம் பயிற்சியா? ரத்தம்யா. கடவுள் அவனுங்களுக்கு ஒடம்ப குடுத்தாரு, மத்தவனுக்கு மூளைய குடுத்தாரு. நம்ம கதிரும் அப்டித்தான். இந்தக் காலனி ஆளுங்க ஒடம்பே வேற. அடி தாங்கும்."

பசங்கள் கைதட்டினார்கள். ஆமாம், எங்கள் பசங்கள்தான்.

அவர் துணியைத் தொடப் போனார். நான் எழுந்து முன்னால் போய் நின்றேன்.

"நீங்க தொறக்க வேணாம் மாஸ்டர்."

"இன்னாம்மா? பெருமையாத்தான பேசனேன்?"

"விடியகாலைல ஏரிக்கரைல ஓடுவான் மாஸ்டர். மணல் மூட்டைய குத்திக் குத்தி கை கிழிஞ்சிடும். நான்தான் மருந்து போடுவேன். அதெல்லாம் இன்னா? ரத்தமா?"

"புள்ள துக்கத்துல பேசுது, வுடுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

துக்கத்தில் பேசினால் அது உண்மையாக இருக்கக்கூடாதா?

அம்மா எழுந்து வந்தாள், துணியை இழுத்தாள், போய் உட்கார்ந்துகொண்டாள். மாஸ்டர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று அவருக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

மறுநாள் டீக்கடையில் இதே பேச்சு. "ஆட்டத்தப் பாரு, பேச்ச வுடு" என்றார்களாம். வெளிநாட்டுப் பழைய சாம்பியன்கள் இனத்தைப் பற்றி எதையாவது உளறியிருந்தாலும் இதைத்தான் சொல்கிறார்கள். விடலாம்தான். பேச்சு யார் மேல் விழவில்லையோ அவர் தாராளமாக விடலாம்.

மாஸ்டர் ஒன்றும் பெரிய பாக்ஸர் இல்லை என்று எழுதத்தான் ஆசை. அதற்காகவே அண்ணன் போனில் இருந்த அவருடைய பழைய சண்டை ஒன்றைப் பார்த்தேன். எதிராளி தோளை அசைக்கும் முன்பே இவர் இடது கை போய் வந்துவிடுகிறது. அழகு... சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே குத்தைத்தான் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் நின்று மாதக்கணக்கில் பழகினான். அந்தக் கைக்கு நான் மார்க் போடுவேன். ஆனால் அந்தக் கையால் என் அண்ணன் படத்தைத் திறக்க விடமாட்டேன். ரெண்டும் ஒரே ஆள்தான். நான் என்ன செய்ய?

சதீஷ் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நேற்று பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது ஒன்றே ஒன்று சொன்னான்.

"உங்கண்ணன் இருந்திருந்தா அவரு கால்ல வுழுந்து மன்னிப்பு கேட்டிருப்பான்."

கேட்டிருப்பான். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.