புருவத்தால் எழுதியவர்

மூன்று வருடமாக ஐயம்பெருமாள் சொல்லச் சொல்லப் போனில் எழுதி அனுப்பியவள் அவர் மனைவி சுகிர்தா. அவர் சேரன்மகாதேவிக்கு டவுண் பஸ் ஓட்டியவர். மாடித் தொட்டியைக் கழுவப் போய் விழுந்ததில் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. கூடப் பிறந்த தம்பி சங்கிலிபூதத்தான் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நல்ல நாளில் அவனிடமிருந்து செய்தி வந்தால், "என் மூஞ்சியில முழிக்காதலேன்னு எழுதுட்டி" என்பார். "உடம்புக்கு முடியல தம்பி, பிறகு பேசுதேன்" என்று எழுதி அனுப்புவாள் சுகிர்தா. இருக்கிற ஒரே உறவும் அறுந்துவிடக் கூடாதே.

போன மாதம் போன் கடை இர்ஷாத் வந்து, கட்டிலருகே போனை ஒரு தாங்கியில் நிறுத்தி, முகத்தைப் பார்த்து வேலை செய்யும்படி மாற்றிக் கொடுத்தான். வாயைத் திறந்தால் திரையில் கட்டம் ஒன்று அடுத்த எழுத்துக்கு நகரும். புருவத்தை உயர்த்தினால் அந்த எழுத்து விழும்.

"இனி யார் என்ன சொன்னாலும் ஆச்சரியப்படக் கூடாது அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க."

அதுதான் பெரும்பாடு. எதிர்வீட்டுப் பார்வதியம்மாள் ஊர்க்கதை சொல்ல, இவர் புருவம் ஏற, டெப்போ மேனேஜருக்குப் போன் போய்விட்டது.

அன்று தம்பியிடமிருந்து செய்தி: புது வீடு பால்காய்ப்பு, வாங்க. சுகிர்தா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"நீ சும்மா இருட்டி. நானே எழுதுதேன்."

இவர் வாய்க்கு வந்ததை எழுதினால் எல்லாம் போச்சு. போனை எடுத்துவிட வேண்டும் என்றுதான் கிட்டே போனாள். வாய் திறந்து மூடியது, கட்டம் நகர்ந்தது. புருவம் ஏறியது, எழுத்து ஒன்று வந்து உட்கார்ந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. விரல் நுனிகூட அசையாத உடம்பிலிருந்து சொல் புறப்பட்டு வருவதைப் பார்த்து, நீட்டிய கையை நீட்டியபடி நின்றுவிட்டாள்.

"நான் விழுந்தப்ப ஏன்லே வரல?"

அனுப்பியேவிட்டார்.

உடனே மணி அடித்தது. புருவத்தாலேயே எடுத்தார்.

"அண்ணே, நீயா எழுதுன? கை அசையாதுல்லா?"

"புருவத்தால எழுதுனேம்லே."



"உன்னை அந்தக் கோலத்துல பாக்கப் பயந்துட்டேம்ணே. பிறகு நீ எழுதுனதெல்லாம் தம்பி, தம்பின்னு மரியாதையா வந்துச்சு. என்னைக்காவது என்னைத் தம்பின்னு கூப்பிட்டிருக்கியா நீ? அண்ணன் என்னைத் தலைமுழுகிட்டான்னு நெனைச்சேன்."

"நேர்ல வாலே. வாய் நிறைய வையுதேன்."

சுகிர்தா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தான் கட்டிக் காத்ததாக நினைத்திருந்த உறவை இரண்டு புருவத்தால் தூக்கி நிறுத்திவிட்ட மனிதரை, முதன்முதலாகப் பார்ப்பவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.